பிஸ்கட் டின்களில் கிடக்கும் நீலகிரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்து வீடுகளில் பிஸ்கட் டின்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் கிடக்கும் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை, ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழிவதற்குள் திரட்டிப் படியெடுத்துக் காக்க வேண்டும் என்ற வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வழியாக மக்கள் முன்னும் மாவட்ட நிர்வாகத்தின் முன்னும் வைக்க விரும்புகிறேன். கல்யாணப் படங்களை யாராவது பத்திரப்படுத்திவிடுகிறார்கள். என் கவலை, மனிதர் எவரும் இல்லாத வெறும் மலைப் படங்களைப் பற்றியது.

என் தந்தையார் உதகை இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கப்பட்டு 1967-இல் உற்பத்திக்கு வந்த அந்த மத்திய அரசுத் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம் ஆகியவற்றைத் தயாரித்தது. இன்று அது மூடிக் கிடக்கிறது. பிலிம் செய்யும் ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் இருப்பது இயல்புதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையாரும் அவருடைய நண்பர்களும் புல்மேடுகளில் ஏறித் திரிந்தார்கள். அவர்கள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மலையும் மேகமும் மட்டுமே இருப்பதைப் பார்த்து, பிலிமை வீணாக்குவதாக என் தாயார் குறைப்பட்டுக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

அவர் விட்டுச்சென்ற யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். கேமராவை ஓய்வு பெற்ற பின் நான் கையில் எடுத்தேன். இது ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல், அதற்கு மேலே உள்ள சிறு சன்னல் வழியாகவே இதில் பார்க்கிறோம். சன்னலின் நடுவில் மங்கலாகத் தெரியும் இரண்டாவது பிம்பம், லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப நகர்ந்து முதல் பிம்பத்தோடு ஒன்றிவிட்டால் ஃபோகஸ் சரியாகிவிட்டது என்று பொருள். தொலைவில் உள்ள மலைக்கு அந்த வேலைகூட இல்லை. வளையத்தை முடிவிலிக் குறிக்குத் தள்ளினால் போதும். என்னைக் கவர்ந்தது வேறொன்று. படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிக்கோட்டுக்கு வெளியேயும் இந்தச் சன்னலில் சிறிது இடம் தெரிகிறது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வரும்போது, அது கோட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வெளியோரத்தில் அதைப் பார்த்துவிட்டு, எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது என்று முடிவு செய்ய முடிகிறது. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ளதுபோல் படமெடுக்கும்போது மேலே எழும்பும் கண்ணாடி இதில் இல்லாததால் அதிர்வும் குறைவு. இருட்டிக்கொண்டு வரும் மாலையிலும் ஸ்டாண்டு இல்லாமல் எடுத்த படங்கள் கலங்காமல் வந்திருக்கின்றன.

ஆனால் பழக்கம் வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் இதன் ஒளிமானிக் கண், லென்ஸுக்குப் பின்னால் இல்லாமல் கேமராவின் நெற்றியில் இருக்கிறது. நீலகிரிக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த நீல மூட்டம் கறுப்பு வெள்ளை பிலிமில் வெறும் வெளுப்பாகிவிடும் என்பதால், வானத்தையும் மேகத்தையும் பிரித்துக் காட்ட மஞ்சள் ஃபில்டர் போட வேண்டியிருக்கிறது. ஃபில்டர் லென்ஸை மட்டுமே மறைக்கிறது. நெற்றிக் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே இரு மடங்கு வெளிச்சம் விழும்படி, 100 ஏ.எஸ்.ஏ. (பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) பிலிமுக்கு 50 என்று நாமே வட்டைத் திருப்பி வைக்க வேண்டும். இதை மறந்து ஒரு முழு ரோலை வெளிச்சம் போதாமல் எடுத்து, ஒரு மார்கழிக் காலையின் உறைபனியை இழந்தேன். முதலில் இதற்குப் போட்ட பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. ஆறு வோல்ட் பேட்டரியை ஒரு சிறு இணைப்போடு பொருத்தித்தான் ஓட்டுகிறேன். பிலிமை வீட்டிலேயே கழுவும்போது டெவலப்பர் கரைசலுக்கு 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கோவையில் என் நண்பர் அதற்காகப் பனிக்கட்டி தேடுகிறார். நானோ டிசம்பரில் குழாய்த் தண்ணீரோடு வெந்நீர் கலக்கிறேன்.

இவ்வளவு தொல்லை எதற்கு, செல்போனில் எடுக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு நெகட்டிவ். 1976 ஜனவரி என்று தந்தையார் பென்சிலால் எழுதிய உறையில் இருந்தது அது. பைக்காரா செல்லும் சாலையை விட்டு விலகி ஏறும் ஒரு மேட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் ஒரு பாறை. அதன் கூர்முனை, எதிர் மலை விளிம்பில் உள்ள ஒரு பள்ளத்தைத் தொடுவதுபோல் நிற்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், மலை மடிப்புகளில் ஐந்து சோலைகள் (புல்வெளிக்கு நடுவே இருக்கும் சிறு இயற்கைக் காடுகள்) கறுப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன, மற்றதெல்லாம் புல். அதே மேட்டில் ஜனவரி மாதத்திலேயே போய் நின்றேன். பாறை முனை அந்தப் பள்ளத்தைத் தொடும்வரை நாலடி இடப்புறம், ஓரடி பின்புறம் என்று நகர்ந்து இடத்தைக் கண்டுபிடித்தேன். அதே கேமரா, அதே 45 மில்லிமீட்டர் லென்ஸ் என்பதால் படத்தின் எல்லை ஒன்றோடொன்று அப்படியே பொருந்தியது. பொருந்தாதது மலைதான். புல் இருந்த இடத்தில் சீகை (வாட்டில்) மரங்கள் சுவர்போல் நிற்கின்றன. ஐந்து சோலைகளில் இரண்டை மட்டுமே கண்ணால் பிரித்தறிய முடிகிறது. இரண்டு பிரிண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சீகையும், இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை. பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, உயர்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் காட்டியது. ஆனால் அத்தகைய படங்களைத் தரும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டதே 1972-இல்தான். அதற்கு முன் இந்தச் சரிவு எப்படி இருந்தது, சோலையின் ஓரம் எங்கே முடிந்தது, ஓடையில் தண்ணீர் நின்றதா என்பவற்றைத் தரையில் நின்று பார்த்துச் சொல்லும் சாட்சி, யாரோ ஒருவர் எடுத்த படமாகவே இருக்க முடியும். 1865-இல் உதகைக்கு வந்து நெடுங்காலம் இங்கே தொழில் செய்த ஏ.டி.டபிள்யூ. பென் போன்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர்களின் நீலகிரிப் படங்கள் இலண்டனில் பாதுகாப்பாக இருக்கின்றன. நம் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் எடுத்தவற்றுக்கு அப்படி ஓர் இடம் இல்லை என்பது எனக்குப் பெரும் மனக்குறை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் பல பத்தாண்டுகள் நடந்த ஒரு ஸ்டூடியோ மூடப்பட்டது. செய்தி தெரிந்து நான் போவதற்குள் நெகட்டிவ்கள் மூட்டை மூட்டையாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தன. கடைக்காரரிடம் மிஞ்சியிருந்த ஒரு மூட்டையைப் பிரித்தபோது, மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய பட்டைகளைப் பிரிக்க முடியவில்லை. இழுத்த இடத்தில் படத்தின் மேற்பூச்சு உரிந்து கையோடு வந்தது.

வீட்டில் நெகட்டிவ் வைத்திருப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். அதில் உள்ள கந்தகம் படத்தின் வெள்ளியைக் கெடுத்துவிடும். தோல் உறையில் கேமராவைப் பூட்டி வைத்தால், உறை இழுக்கும் ஈரமே லென்ஸில் பூஞ்சை வளரப் போதுமானது. ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். எடுத்த இடம், ஆண்டு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பவற்றை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு உறைமீது பென்சிலால் எழுதிவிடுங்கள். இடம் தெரியாத மலைப் படத்தை எவ்வளவு முயன்றாலும் மலையோடு பொருத்த முடிவதில்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. உதகை அரசு அருங்காட்சியகத்தில் ஓர் அறை, ஒரு நல்ல ஸ்கேனர், ஆண்டுக்கு இரண்டு முறை குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று ஊர் ஊராக முகாம். நெகட்டிவ்களைப் படியெடுத்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்போது பழைய பிலிம் கேமராக்களைத் தேடி வாங்கி மலையேறும் இளைஞர்களைப் பார்க்கிறேன். வனத்துறை அனுமதியோடு பழைய படங்களின் இடங்களில் அவர்களை நிறுத்தி மறுபடி எடுக்கச் செய்தால், சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணிக்கும் அப்படங்கள் வழிகாட்டும். என் தந்தையாரின் நெகட்டிவ்கள் இரண்டு டின்களில் இருக்கின்றன. முதல் முகாமுக்கு அவற்றை நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.