4 கெல்வினில் ஒரு கோடு

அன்புள்ள முருகேசுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம், அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. செல்வி அந்தப் பழைய சண்டையை இன்னும் மறக்கவில்லை. நீதான் முதலில் பேச வேண்டும்.

சென்ற செவ்வாய் இரவு, நீ வளர்த்துக் கொடுத்த மாலிப்டினம் டைசல்ஃபைடு படலத்தில், டிரான்சிஸ்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே எலக்ட்ரான் ஸ்பின்னின் ஒத்ததிர்வுக் கோட்டை, அதாவது எலக்ட்ரான் என்னும் குட்டிக் காந்தம் ஒரு குறிப்பிட்ட காந்தப்புலத்தில் நுண்ணலையை விழுங்கும் தடத்தை, பார்த்துவிட்டேன். படலத்துக்குள் எலக்ட்ரான்களை இழுக்கும் கேட் முனையின் மின்னழுத்தம் சுழியாக இருந்தபோது திரையில் இரைச்சல் மட்டுமே இருந்தது. பத்துப் பத்து வோல்ட்டாக ஏற்ற ஏற்ற, அதற்குள்ளிருந்து அந்தக் கோட்டின் அடையாளமான ஒரு மேடும் ஒரு பள்ளமும் மெல்ல எழுந்து வந்தன, இறக்கியதும் அடங்கிவிட்டன. நான்கு முறை ஏற்றி இறக்கினேன். நான்கு முறையும் அப்படியே.

ஒட்டுநாடாவால் உரித்த துணுக்கே போதும் என்று நீ பிடிவாதம் பிடித்தாயே, இந்தக் கணக்கைப் பார். கேட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்களை இழுத்து வருகிறது. பக்கத்துக்குப் பத்து மைக்ரான் உள்ள துணுக்கில் பத்து லட்சம்தான் தேறும். எங்கள் கருவியின் கண்ணில் படுவதற்கோ ஆயிரம் கோடியாவது வேண்டும். மூன்று மில்லிமீட்டர் அகலமும் பத்து மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உன் படலம் முப்பதாயிரம் கோடியைத் தந்தது. அறை வெப்பநிலையில், 9.4 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்கு, அவற்றில் காந்தப்புலத்தின் திசையில் நிற்பவற்றுக்கும் எதிர்த்திசையில் நிற்பவற்றுக்கும் இடையே பத்தாயிரத்துக்கு ஏழெட்டு எலக்ட்ரான்களின் வித்தியாசமே சமிக்ஞையாகும். 4 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அது ஐந்நூறைத் தாண்டுகிறது.

ஆனால் மூன்று நாட்களாக எனக்குத் தூக்கமில்லை. கோடு நிற்கும் காந்தப்புலம் 335 மில்லிடெஸ்லா, அதாவது எதனோடும் ஒட்டாத தனி எலக்ட்ரானுக்குரிய 2.0023 என்ற ஜி எண்ணை (நுண்ணலையின் அதிர்வெண்ணுக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் எண்) ஒட்டியே நிற்கிறது. மாலிப்டினம் போன்ற கனத்த அணுக்களிடையே ஓடும் எலக்ட்ரானின் ஸ்பின் அதன் பாதையோடு வலுவாகப் பிணைந்திருக்கும்போது, அதன் கோடு இவ்வளவு ஒல்லியாக அங்கே வந்து நிற்பானேன்? நம் லேப் சார் இருந்திருந்தால் முதலில் படலத்தை வைத்திருக்கும் குவார்ட்ஸ் குழாயைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். வெறுங்குழாயையும் அளந்துவிட்டேன், அதில் ஒன்றுமில்லை. கந்தக அணு விடுபட்ட குழிகளில் சிக்கிக்கொண்ட எலக்ட்ரான்களைத்தான் நான் பார்த்திருக்கிறேனோ என்று அஞ்சுகிறேன். அவையும் முக்கியமானவையே, டிரான்சிஸ்டரின் வேகத்தைக் கெடுப்பவை அவைதாம். ஆனால் மின்னோட்டத்தின் ஸ்பின் என்று அவற்றுக்குப் பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

சிக்கியவை என்றால் வெப்பநிலை ஏற ஏறக் கோட்டின் பரப்பு அதற்குத் தலைகீழ் விகிதத்தில் குறைய வேண்டும். நெருக்கமாகக் கூடித் தாராளமாக ஓடுபவை என்றால் பெரிதும் மாறக் கூடாது. அதை அளப்பதற்குள் புதன் விடியற்காலையில் திரவ ஹீலியம் தீர்ந்துவிட்டது, சூடேறும்போது தங்க இணைப்பும் உரிந்துவிட்டது.

எனவே இரண்டு படலங்கள் அனுப்பு. ஒன்று வழக்கம்போல் இருக்கட்டும். மற்றதைக் கந்தக ஆவியில் சுட்டு, குழிகளை முடிந்தவரை நிரப்பிக் கொடு. அகலம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், குழாய்க்குள் போகாது. அடுத்த ஹீலியம் மாதக் கடைசியில் வருகிறது.

அன்புடன்,
இளங்கோ