வாகரைக் கோட்ட வேடர் சமூக மாணவர்களுக்கு உளவளத்துணை ஒழுங்குகள் கோரும் மனு

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர்,
வலயக் கல்வி அலுவலகம், கல்குடா.

அனுப்புநர்:
வாகரைக் கோட்டத்தின் வேடர் குடியிருப்புகளைச் சேர்ந்த பெற்றோரும், அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

இலங்கையின் ஆதிக்குடிகளான எங்கள் கரையோர வேடர் சமூகத்தின் பிள்ளைகள் தரம் 8 தாண்டியதும் ஒவ்வொருவராகப் பாடசாலையை விட்டு நிற்கிறார்கள். "படிப்பில் விருப்பமில்லை" என்று காரணம் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. தாய் வெளிநாடு போன வீட்டில் சமையலும், தம்பி தங்கையை வெளிக்கிடுத்தி அனுப்புவதும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழும். அவள் முதலில் பிந்தி வருவாள்; பிறகு கிழமையில் இரண்டு நாள் வரமாட்டாள்; கடைசியில் நின்றுவிடுவாள். இரவு தகப்பனோடு வலைக்குப் போய் விடியக் கரையேறும் பையன் முதலாம் பாடவேளையில் மேசையில் தலைவைத்துத் தூங்குவான், அதற்கு ஏச்சும் வாங்குவான். தேன் காலத்தில் வீடே காட்டுக்குப் போய்விடும்.

இப்பிள்ளைகள் மனக்கஷ்டத்தை வாயால் சொல்வது குறைவு. தலையிடி, வயிற்றுநோ, கைகால் விறைப்பு, காலைக் கூட்டத்தில் மயக்கம் என்று உடம்பில்தான் அது தெரியும். வீட்டார் தெய்வக்குற்றம் என்று சடங்கு நடத்தும் பெரியவரிடம் கூட்டிப் போவார்கள். அதைப் பாடசாலை பழிக்கக் கூடாது. அந்தப் பெரியவர் "ஆஸ்பத்திரிக்கும் காட்டு" என்று சொன்னால் குடும்பம் மறுபேச்சின்றிப் போகும். ஆகவே முதலில் அவரோடுதான் பேச வேண்டும். இன்றைய பெற்றோரில் பலர் 2004 சுனாமியையும் 2006-07 போர்க்கால இடப்பெயர்வையும் பிள்ளைப் பருவத்தில் கண்டவர்கள். சில வீடுகளில் கசிப்பும் (கள்ளச்சாராயம்) சண்டையும் தொடர்வதை அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

எங்கள் முதற் கோரிக்கை நேரமும் இடமும். வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் பெயரளவில் இருந்தாலும், யாராவது லீவு என்றால் அந்த வகுப்புக்கு அவரையே அனுப்புகிறார்கள். நேரசூசியில் வாரம் 5 பாடவேளைகளாவது அவருக்கு ஒதுக்கி, அவற்றைத் தொடக்கூடாது என்று எழுத்தில் பணிக்க வேண்டும். ஆசிரியர் அறையில் வைத்துப் பிள்ளை வாய் திறக்காது. பேச்சு வெளியே கேளாத, ஆனால் உள்ளிருப்போர் வெளியே தெரியும்படியான சிறு அறை போதும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் கட்டாயம்.

வரவு இடாப்பில் தொடர்ந்து 3 நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் மாலை 4 மணிக்குப் பிறகு போக வேண்டும். பகலில் வீட்டில் ஆளிருக்காது. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டம் தேவையானதே. ஆனால் முதல் நாளே உத்தியோகத்தர்களோடு போய் அதைச் சொன்னால் பிள்ளையை ஒளிப்பார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகும் வராவிட்டால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிக்கலாம். சடங்கு நாட்களில் வராத பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம். "வேடன்" என்று வசையாக அழைப்பதை, அழைப்பவர் மாணவராயினும் ஆசிரியராயினும், ஒழுக்கக் குற்றமாகக் கொள்ள வேண்டும்.

"இருந்தென்ன பலன்" என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ அதை நடிப்பென்று விடக்கூடாது. அன்றே தனியே விடாமல் பக்கத்தில் இருந்து, சாக எண்ணமிருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. வீட்டில் பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தலைப் பூட்டிவைக்கச் சொல்லி, வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929 இரண்டையும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டுவதற்குச் செலவில்லை.

மனநலச் சிகிச்சைக்காக வாழைச்சேனை வைத்தியசாலைக்குப் போய் மருந்தெடுக்க ஒரு நாட் கூலியும் இருவரின் பஸ் காசும் போகும். இரண்டாம் முறை பெரும்பாலும் போகமாட்டார்கள். வாகரை வைத்தியசாலையில் மாதம் ஒரு நாள் மனநல சிகிச்சை நாள் நடத்தும்படி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குத் தாங்கள் கடிதம் எழுத வேண்டும்.

மாரியில் உட்கிராம வழிகள் வெள்ளத்தில் அடைபடும். அதற்கு முன் பெற்றோர், அதிபர்கள், ஊர்ப் பெரியவர்கள் கலந்துகொள்ளும் கூட்டமொன்றை வாகரையில் நடத்தத் திகதி தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
பெற்றோரும் ஆசிரியர்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)