மாலை நேரத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததுதான். திங்கள் முதல் வியாழன் வரை, காலையில் மட்டும். நூலகர் ஓய்வு பெற்று ஆறு மாதமாகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பக்கத்து ஊர் நூலகர்தான் கூடுதல் பொறுப்பில் வந்து போகிறார். அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பேருந்து மாறி மாறி ஓடுகிற ஒருவர் இரண்டு ஊரில் எப்படி இருப்பார்?

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஆறு மணிக்கு அந்த வழியாக வந்தேன். பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை நூலகப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நூலகப் புத்தகம். தவணை முடிந்து பன்னிரண்டு நாளாகிவிட்டதாம். நூலகம் திறந்திருக்கும்போது அவள் வகுப்பில் இருக்கிறாள். அவள் வரும்போது கதவில் பூட்டு. "அபராதம் எவ்வளவு வரும் அக்கா?" என்று கேட்டாள். கொடுக்க வந்த பிள்ளைக்கு எதற்கு அபராதம்? என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தேதிச் சீட்டைக் காட்டினாள். நானும் அந்த வயதில் அந்தச் சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பல வருடமாக யாரும் எடுக்காத புத்தகம் கண்ணில் பட்டால், பாவமாக இருக்கும், அதையே எடுத்துக்கொள்வேன். பழைய முத்திரைக்குக் கீழே ஊதா மையில் என் தேதி பளிச்சென்று விழும். பள்ளி விட்டு வந்து, வார இதழ் கைக்கு வரும்வரை பெஞ்சில் காத்திருப்பேன். எட்டு மணி நெருங்கினால் நூலகர் பின்பக்கத்திலிருந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருவார். கடைசி விசிறி நிற்கும்வரை ராக்கை விட்டு நகர மாட்டேன். நான் படித்ததெல்லாம் அந்த மாலைகளில்தான். காலையில் மட்டும் திறந்திருந்தால் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

சென்னையில் 2010-லும் மதுரையில் 2023-லும் பெரிய நூலகங்கள் திறந்தபோது மனம் நிறைந்தது. இரண்டுக்கும் போய் வந்தேன். ஆனால் படியில் உட்கார்ந்திருந்த பிள்ளை மதுரைக்கா போவாள்? 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் நாங்கள் கட்டுகிறோம். வரி வாங்கும்போது காலை, மாலை என்று யாரும் பார்ப்பதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கான ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போதே நூலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பற்றியும் பேசினார். ஆண்டுதோறும் நூலகர் தினமான ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சொன்னதைச் செய்ய மாட்டோமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். மாலை ஐந்து முதல் எட்டு வரை நூலகத்தைத் திறந்து வையுங்கள். புதிய நூலகர் வரும்வரை பகுதி நேரமாக ஒருவரைப் போடுங்கள். வாசகர் வட்டத்தில் நாங்கள் முறை வைத்து உட்காரத் தயாராக இருக்கிறோம். வெளியாளிடம் சாவி கொடுக்க விதியில்லை என்றார்கள். சரி, விதிப்படியே ஒரு வழி சொல்லுங்கள், செய்கிறோம். கதவு பூட்டியிருந்த நாட்களுக்கு அபராதம் வேண்டாம் என்றும் தயவுசெய்து எழுத்தில் தந்துவிடுங்கள்.

அந்தப் பிள்ளையின் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன். அடுத்த புத்தகத்தை அவளே வந்து, ராக்கில் தேடி எடுக்க வேண்டும். அதற்கு மாலையில் கதவு திறந்திருக்க வேண்டும், ஐயா.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்