ஆற்று மணல் எந்தப் பட்டியலில் வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில் இயற்கை வளங்கள் பற்றிய கட்டுரையோடு ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத்தாது ஆகியவை தீர்ந்துபோகும் வளங்கள் என்றும், சூரிய ஒளி, காற்று, நீர், காடு இவற்றோடு ஆற்று மணலும் புதுப்பிக்கத்தக்க வளம் என்றும் அதில் இருந்தது. அடியில் ஒரு வரி: "ஒவ்வொரு வெள்ளத்திலும் மணல் தானாகவே நிரம்பிவிடுகிறது." தஞ்சையிலும் திருவாரூரிலும் விற்கும் ஓர் இதழில் இந்த வரியைப் படிக்க நேர்ந்தது மிகுந்த வேதனை தருகிறது. குவாரி வேண்டும் என்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம் இது. இப்போது அது பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்குப் போகிறது.

காவிரி மணல் எங்கிருந்து வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. மேற்கே மலைப்பாறை நொறுங்கி, ஆற்றோடு உருண்டு வந்து படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. 1934இல் மேட்டூர் அணை வந்தது. தேக்கத்துக்குள் நுழையும் நீர் வேகம் இழக்கும். வேகம் இழந்த நீர் முதலில் கீழே போடுவது மணலைத்தான். மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேர்ந்து மணல் கொண்டுவரக்கூடிய பவானியை 1955இல் பவானிசாகர் மறித்தது. அமராவதிக்கும் தனி அணை உண்டு. நொய்யலும் சில காட்டாறுகளும் கொடுப்பதுதான் மிச்சம். மணல் சுமை இல்லாமல் வரும் நீருக்கு அரிக்கும் வலு கூடுதல். அதனால் அணையைத் திறந்துவிடும் வெள்ளம் கொண்டுவந்து போடுவதைவிட வெட்டிக்கொண்டு போவதே அதிகம்.

வெள்ளம் வடிந்ததும் குவாரிக் குழி நிரம்பியிருப்பது உண்மை. ஆனால் அது புது மணல் அல்ல. குழியின் மேல்விளிம்பு, அதாவது நீர் வரும் பக்கத்து விளிம்பு, நீரோட்டத்தில் இடிந்து, மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போகும். மேலே இருந்த படுகை சரிந்து குழிக்குள் இறங்குகிறது. குழியை மட்டும் பார்த்தால் நிரம்பியதாகத் தெரியும். மேலே பல கிலோமீட்டர் நீளத்துக்கு மட்டம் எடுத்துப் பார்த்தால் ஆறு மொத்தமும் தாழ்ந்திருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் படுகை மட்டத்தை அளந்து எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கச் சொல்கிறது. தோண்டும் ஆழம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. தானாக நிரம்பும் பொருளுக்கு இவ்வளவு அளவை எதற்கு?

மணலோடு போவது தண்ணீர். நீர் நிறைந்த ஒரு கன மீட்டர் மணல் ஏறக்குறைய 250 லிட்டர் நீரை ஊற்றாகத் திருப்பித் தரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கணக்கிட்டால் சுமார் 700 லிட்டர். மூன்று யூனிட் ஏற்றிய லாரி 2,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. இழப்பு ஒரு வருஷத்தோடு முடிவதில்லை. அந்தத் தொட்டி இனி எந்த வெள்ளத்திலும் அங்கே நிரம்பாது. கொள்ளிடப் படுகையில் உள்ள குடிநீர்க் கிணறுகளுக்கு வடிகட்டியே மேலே கிடக்கும் மணல்தான். கிணற்றின் அடியிலிருந்து மணலுக்குள் நீளும் பக்கவாட்டுக் குழாய்களுக்கு மேல் அது மெலிந்தால் நீர் குறையும், கலங்கல் கூடும். கரையோர வயல்களில் அடிநீரை இறைக்க இறக்கிய ஆழம் குறைந்த வடிகுழாயான பில்டர் பாயிண்ட் காற்றை இழுக்கும். பிறகு போரை ஆழமாக்குவார்கள்.

பாசனத்துக்கு வருவோம். வாய்க்கால் தலைப்பு மதகின் அடிமட்டம் கல்லிலும் சிமெண்டிலும் கட்டியது. ஆறு தாழ்ந்தாலும் அது தாழாது. படுகை ஒரு மீட்டர் இறங்கினால், முன்பு மதகுக்குள் ஏறிய அதே அளவு நீர் இப்போது அதன் வாசலைத் தொடாமல் ஓடிவிடும். கூடுதலாகத் திறக்க வேண்டும், இல்லையேல் மணல்மூட்டை அடுக்கிக் கொரம்பு போட வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் கடைமடைக்கு என்ன மிஞ்சும்?

கதவணைகளின் கதையும் இதுதான். கீழ்ப்பக்கப் படுகை தாழத் தாழ, நீர் விழும் உயரம் கூடித் தரைத்தளத்தின் நுனி அரிக்கப்படும். அடியில் கசியும் நீருக்கு அழுத்தம் ஏறி மணல் துகளை வெளியே தள்ளும். தளத்துக்குக் கீழே பொந்து விழும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. கட்டுமானங்களின் வயதும் ஒரு காரணம். அதை மட்டும் எழுதிவிட்டு, காலடி மண் போனதை எழுதாமல் விட்ட செய்திகளைத் தாங்களும் வெளியிட்டீர்கள்.

கடல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். கடலோர மணலில் கடல் மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓரடி குறைந்தால், அடியில் உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலேறும். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் படுகை தாழ்ந்தால் கடலின் ஏற்றநீர் ஆற்றுக்குள் மேலும் தூரம் நுழையும். மண்ணின் உப்பைக் காட்டும் அளவான மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும்.

இதைச் சொல்லும்போது பழைய மனக்குறைகளும் வந்து நிற்கின்றன. 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது முதல் பக்கம் முழுவதும் கொண்டாடினீர்கள். புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்த அந்தச் சட்டம் ஏற்கெனவே ஓடும் கிணறுகளைத் தொடவில்லை என்பது உள்பக்கத்தில்கூட இல்லை. சவுடு எனப்படும் மேல்மண்ணை எடுக்க அனுமதி வாங்கி, அடியில் இருக்கும் மணலை அள்ளுவதைப் பற்றி எழுதிய கடிதங்கள் அச்சேறவில்லை. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது அவசர அவசரமாக நடக்கும் தூர்வாரலுக்கு மட்டும் ஆண்டுதோறும் படம் வருகிறது.

பாறையை உடைத்துச் செய்யும் செயற்கை மணலான எம்சாண்டு இருக்கிறதே என்று தங்கள் கட்டுரை முடிகிறது. சரியாக உடைத்து, கழுவி, தூள் நீக்கிய எம்சாண்டு கான்கிரீட்டுக்கு ஏற்றதுதான். கழுவாத கிரஷர் தூளை அந்தப் பெயரில் விற்றால் கலவை தண்ணீரைக் கூடுதலாகக் கேட்கும், வெடிப்பு விழும். அதுவும் பாறையை வெடிவைத்து உடைத்து வருவதே. அந்தப் பாறையைத் தங்கள் அட்டவணை எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை.

எடுக்கும் வேகத்துக்குள் திரும்பச் சேர்ந்தால்தான் ஒரு வளம் புதுப்பிக்கத்தக்கது. மேட்டூருக்குக் கீழே மணல் அந்தக் கணக்கில் வராது. ஆழ்துளையில் உறிஞ்சும் அடிநீரும் பல இடங்களில் வராது.

நான் கேட்பது சிறிய காரியம். அடுத்த வார இணைப்பில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஆற்று மணலை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத் திருத்திய அட்டவணையைப் போடுங்கள். அடிவரியையும் நீக்குங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
திருக்காட்டுப்பள்ளி