தலை அளவு சரியாக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பத்தில் தாய்க்கு வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சிறுதலை (தலை இயல்பைவிடச் சிறியதாக இருப்பது), சிறுதலை என்றே போகிறது; படித்து முடிப்பவர், பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சரியாக இருந்துவிட்டால் பயமில்லை என்றுதான் நினைப்பார். அது தப்பு. கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பார்வை சோதிக்கும் வேலை எனக்கு, அதனால் சும்மா விட மனசு வரவில்லை. (குழந்தையின் தலையை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டதும் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

பிரேசிலின் பெர்னம்புகோ மாநிலத்தில் 2015 கடைசியில் சிறுதலையோடு குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தபோது, யாரைச் சந்தேகப்படுவது என்று பிரித்துப் பார்க்க உதவியது தலையை அளக்கும் ஒரு டேப்தான். முதலில் 33 சென்டிமீட்டர் என்று கோடு போட்டார்கள், டிசம்பரில் 32 ஆக்கினார்கள், அடுத்த மார்ச்சில் ஆணுக்கு 31.9, பெண்ணுக்கு 31.5 என்று வந்து நின்றது. ஆனால் 2016 நவம்பரில் அந்த மாநிலத் தலைநகர் ரெசிஃபேயின் நரம்பியல் மருத்துவர் வனெஸ்ஸா வான் டெர் லிண்டெனும் மற்றவர்களும் வெளியிட்ட அறிக்கையில் கருவிலேயே ஜிகா பாதித்த 13 குழந்தைகள் வருகிறார்கள், அத்தனை பேருக்கும் பிறக்கும்போது தலை அளவு சரி. ஸ்கேன் எடுத்தால் மூளை சுருங்கியிருக்கிறது, உள்ளே நீர் அறைகள் பெருத்திருக்கின்றன, மூளையின் மேற்பட்டையில் மடிப்புகள் ஒழுங்காக விழவில்லை, அதற்குக் கீழே கால்சியம் படிந்திருக்கிறது. அவர்களில் 11 பேருக்குப் பிறகுதான் தலை வளர்ச்சி பின்தங்கி சிறுதலை ஆனது.

கண்ணும் இப்படித்தான். வெளியே பார்த்தால் அழகான கருவிழி, ஒன்றும் தெரியாது. கண்ணின் பாப்பா விரிய மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் விழித்திரையின் நடுவில், கூர்மையான பார்வைக்கான அந்த இடத்திலேயே, வெளிறிப்போன வட்டத் தழும்பும் கறுப்புச் சிதறலும் தெரியும். சிலருக்குப் பார்வை நரம்பே வெளுத்திருக்கும். ரெசிஃபேயின் கண் மருத்துவர் கமிலா வென்டுராவின் குழு 2016 ஜனவரியிலேயே இதை எழுதியது, அதே ஆண்டில் சிறுதலை இல்லாத ஒரு குழந்தையின் கண்ணிலும் இந்தத் தழும்பைக் காட்டியது.

அப்புறம் இன்னொரு சிக்கல், கண் சுத்தமாக இருந்தும் பார்வை இல்லாமல் போவது. படத்தை வாங்கிப் புரிந்துகொள்ள வேண்டிய மூளை அடிபட்டிருந்தால் கண் என்ன செய்யும்? நாங்கள் சாம்பல் நிற அட்டையில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுக் காட்டுவோம், பார்வை உள்ள குழந்தை கோட்டுப் பக்கம் திரும்பும். இந்தக் குழந்தை திரும்பாது, இல்லையென்றால் ரொம்ப நேரம் கழித்து மெதுவாகத் திரும்பும். வீட்டில் அம்மா, “மூணு மாசமாச்சு, முகம் பார்த்துச் சிரிக்கலையே” என்பாள், பெரியவர்கள் போகப் போகச் சரியாயிடும் என்பார்கள். அந்த மாதங்கள்தான் முக்கியம். ரெசிஃபேயில் இந்தக் குழந்தைகள் பலருக்குக் கண்ணாடி போட்டதும் பார்வை கொஞ்சம் தேறியது, பயிற்சியும் சேர்ந்தால் நல்லது.

பிரேசில் எங்கோ இருக்கிறது என்று விட முடியாது. 2017ல் கிருஷ்ணகிரியில் ஒருவருக்கு ஜிகா வந்தது. 2021 ஜூலையில் கேரளத்தில் முதலில் உறுதியானது களியக்காவிளை தாண்டினால் வரும் பாறசாலைப் பகுதிக் கர்ப்பிணி ஒருவருக்கு. இதைப் பரப்புவதும் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். ஜிகா மட்டுமல்ல, ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை), சைட்டோமெகலோ என்ற வைரஸ்களும்கூடக் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் கண்ணையும் சேர்த்தே கெடுக்கக்கூடியவை.

அடுத்த இதழில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், போதும்: கர்ப்பத்தில் ஜிகா உறுதியான தாயின் குழந்தைக்குத் தலை அளவு எவ்வளவு இருந்தாலும் முதல் மாதத்துக்குள் தலைக்கு ஸ்கேனும் விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும், அதன் பிறகும் ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் தலையை அளந்து குறித்து வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாகர்கோவில்