ஆட்டு மருந்தும் நாயும்: ‘விவரம் தெரியாத’ ஒருத்தியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் இணைப்பில் சென்ற வாரம் வந்த நாய் வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: “விவரம் தெரியாத கிராமத்தினர், ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தையே நாய்க்கும் கொடுத்து அதன் உயிரோடு விளையாடுகிறார்கள்.” சரி, விளையாடுகிறோம். எந்த மருந்து, எவ்வளவு, ஏன் கூடாது என்று அடுத்த வரியில் இருக்கும் என்று தேடினேன். அடுத்த வரியில் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுவது பற்றி இருந்தது.

நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறேன். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, சில வெள்ளாடுகள், காவலுக்கு நாய்கள். ஆட்டுக்குப் பூச்சி மருந்து முகாமிலேயே இலவசமாக ஊற்றிவிடுகிறார்கள். நாய்க்கு வேண்டுமென்றால் நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். “ஆறு மாதத்துக்கு ஒருமுறை செல்லப்பிராணி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்கிறார் உங்கள் கட்டுரையாளர். சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாயோடு பஸ் ஏறினால் எந்தக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார் என்பதையும் அவரே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஆடுகளைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஃபென்பென்டசோல் என்ற மருந்து ஆட்டுக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. ஆனால் ஆட்டுக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஒரே வேளை போதும். நாய்க்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதுவும் தொடர்ந்து 3 நாள், சோற்றோடு. எங்கள் காவல் நாய் 12 கிலோ. அப்படியானால் ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரை நான்கு. ஆட்டுக்கு ஊற்றிய கணக்கிலேயே நாய்க்கும் ஊற்றினால் நாய் சாகாது, புழுவும் சாகாது. காப்பிப் பழம் நிறுக்கும் தராசில் நாயை நிறுத்தி எடை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். விளையாட்டு என்றால் இதுதான் எங்கள் விளையாட்டு.

திரவ மருந்தில் இன்னொரு சிக்கல். ஒரு பாட்டிலில் 2.5 சதவீதம் என்றும், பக்கத்துப் பாட்டிலில் 10 சதவீதம் என்றும் இருக்கும். இதே 12 கிலோ நாய்க்கு முதலாவதில் 24 மில்லி ஊற்ற வேண்டும், இரண்டாவதில் 6 மில்லி. பாட்டில் பார்க்க ஒரே மாதிரிதான். இதை எழுத உங்கள் இணைப்பில் எத்தனை வரி ஆகியிருக்கும்?

உண்ணி ஊசி என்று எல்லோரும் சொல்கிற ஐவர்மெக்டின் கதை நேர்மாறு. மாட்டுக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை கொடுப்பது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 15 கிலோ நாய்க்கு அந்தக் கணக்குப்படி எடுத்தால் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குகூட வராது. எந்தச் சிரிஞ்சில் அதை அளப்பது? சொறிக்கு டாக்டர்கள் இதைவிடக் கூடுதலாகவும் கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் நாயின் இனத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள். கோலி, ஷெட்லாந்து ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறு உண்டு. மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் காவல் அவற்றுக்கு இல்லை. கலப்பு நாய்க்கு அது இருக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கே மலையில் பங்களா வாங்கிக் குடிவந்த ஒருவர், நன்றாகப் படித்தவர், கோலிக் கலப்பு நாய் வைத்திருந்தார். சொறி வந்தது. கடையில் கேட்டார், ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லி இழுத்து வாயில் விடச் சொன்னார்கள், விட்டார். நாய்க்கு எச்சில் ஒழுகியது, கால் தள்ளாடியது, கண்மணி விரிந்து சுவரில் போய் முட்டியது, பிறகு எழவே இல்லை. இந்த மருந்துக்கு முறிவு கிடையாது. நாய் போய்ச் சேர்ந்தது. அவர் கிராமத்தினரும் இல்லை, ஆடு வளர்ப்பவரும் இல்லை. அவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் எந்த வரியில் எழுதியிருக்கிறார்கள்?

கடைக்காரர்கள் மாத்திரை அட்டையைப் பேர் இல்லாத பக்கமாக வெட்டிக் கொடுப்பதைப் பற்றியும் நீங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. ஃபென்பென்டசோலும் ஐவர்மெக்டினும் சேர்ந்த மாத்திரையே இப்போது கிடைக்கிறது. வெட்டிய அட்டையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? லெவாமிசோல் சேர்ந்த மருந்து ஆட்டுக்கு மாமூலாக ஊற்றுவது. நாய்க்கு அதில் சரியான அளவுக்கும் விஷத்துக்கும் இடைவெளி குறைவு. அல்பென்டசோல் நாயின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கலாம். குளோசன்டெல் அளவு மீறினால் கண் பார்வையே போகும். இந்த மூன்றையும் நாய்ப் பக்கமே கொண்டுபோகாதே என்று டாக்டர் அடிக்கோடு போடச் சொன்னார், போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம், நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பது நாய்க்காக மட்டும் இல்லை. செம்மறி மூளையில் கட்டி வந்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுமே, அது நாயின் நாடாப்புழுவால் வருவது. செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் அது மறுபடி நாய் வயிற்றுக்குப் போய், அங்கிருந்து மேய்ச்சல் காட்டுக்கு வரும். அதற்கு நாய்க்குப் பிராசிகுவான்டல் என்ற மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம். மேச்சேரி ஆடு வளர்க்கிற மாவட்டத்துப் பத்திரிகை இதை எழுதாமல் யார் எழுதுவது? மேச்சேரி என்றதும் நினைவு வருகிறது. முன்பு ஒரு தடவை செந்நிற மேச்சேரிச் செம்மறியின் படத்தைப் போட்டுக் கீழே “சேலம் கருப்பு வெள்ளாடு” என்று அச்சடித்திருந்தீர்கள். நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், போடவில்லை. விவரம் தெரியாதவள் எழுதியது என்று வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை, ஐயா. ஆட்டு மருந்துகளில் எது நாய்க்கு ஆகும், எது ஆகவே ஆகாது, கிலோவுக்கு எவ்வளவு, எத்தனை நாள், குட்டிக்கு எப்போது என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிற அளவு இருந்தால் போதும். பக்கத்தில் இடம் இல்லையென்றால், கோடை விழா மலர்க் கண்காட்சிப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாகலூர்ப் பக்கத்து வாசகி,
ஏற்காடு.