தூரத்தை எழுதினீர்கள், ஈரத்தை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் அகச்சிவப்புக் கேமரா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடலில் எவ்வளவு தூரத்தில் கப்பல் போனாலும் அதன் சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், இருட்டு, மழை, மூடுபனி எதுவும் தடையில்லை என்று அதில் இருந்தது. கடலே இல்லாத வேலூர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். நான் துணை மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பி இணைப்பு லூசாகி எங்கே சூடேறுகிறது என்று பார்க்க, கடைசிச் சில வருடங்கள் இதே வெப்பக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டுதான் மின்கருவிகள் நிற்கும் திறந்தவெளி யார்டுகளில் சுற்றினேன். அது எதைக் காட்டும், எதில் ஏமாற்றும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எவ்வளவு தூரமானாலும் என்ற பேச்சே முதலில் தப்பு. பூமி உருண்டை, வெப்பக் கதிரும் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். கேமரா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 16 மீட்டர் உயரத்துக்கு 14 கிலோமீட்டர் சொச்சம். எதிரே வரும் கப்பலின் புகைபோக்கி 36 மீட்டர் உயரம் என்றால் அதற்கு 21 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 35 கிலோமீட்டர் சொச்சம், காற்றில் கதிர் லேசாக வளைவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் இருக்கும் கப்பல் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கிறது, எந்தக் கேமராவை வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

அந்த 35 கிலோமீட்டர்கூட நம் கடலில் கிடைப்பது கஷ்டம். நீராவி வெப்பக் கதிரைக் குடித்துவிடும். அலைநீளம் 3 முதல் 5 மைக்ரான் வரை ஒன்று, 8 முதல் 12 மைக்ரான் வரை ஒன்று (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வெப்பக் கதிர் புகுந்து போகக் காற்றில் இரண்டு ஜன்னல்கள்தான் திறந்திருக்கின்றன, அவையும் ஈரம் ஏற ஏற மங்கும், இரண்டாவது ஜன்னல் அதிகமாகவே மங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 5 டிகிரி காற்று 7 கிராம்கூடத் தாங்காது. ஐரோப்பாவின் குளிர்ந்த வடகடலில் எடுத்த வீடியோ எதையாவது பார்த்துவிட்டு வங்காள விரிகுடாவுக்குக் கணக்குப் போட்டால் எப்படிச் சரியாக வரும்? மூடுபனி கதையும் இப்படித்தான். தீயணைப்புக்காரர்கள் இந்தக் கேமராவால் புகைக்குள்ளே பார்ப்பது உண்மை, ஏனென்றால் புகைத் துகள் மிகவும் பொடி. மூடுபனியின் துளி அப்படி இல்லை, பெரும்பாலும் வெப்பக் கதிரின் அலைநீளத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கும், தடுத்துவிடும். புகையையும் பனியையும் உங்கள் கட்டுரை ஒன்றாக்கிவிட்டது.

அப்புறம் நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், யார்டுக்குப் பின்னால் பாறைக் குன்று, பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்திருந்தது. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். கூட வேலை செய்தவர் அந்தப் பாறைக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நிற்கிறார், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறார், கேமராவில் அவர் இல்லை. தலைமுடி மட்டும் ஒரு கறை மாதிரி இருந்தது. பாறையின் சூடு இறங்கி, அவர் தோலின் சூட்டோடு சரிக்குச் சரியாக நின்ற நேரம் அது. அரை மணி கழித்துப் பார்த்தால் பாறை மங்கிவிட்டது, ஆள் பளிச்சென்று தெரிந்தார். கடலிலும் இதேதான். பகலில் இரும்பு காய்ந்து கப்பல் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், இரவில் ஆறும், நடுவில் இரண்டும் ஒன்றாகும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும். அப்போது புகைபோக்கியும் இன்ஜின் பக்கமும் தெரிந்தால்தான் உண்டு.

இதையெல்லாம் வேலை மெனக்கெட்டு எழுதக் காரணம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் அக்கா மகன் போனில் மாட்டும் சின்ன வெப்பக் கேமரா ஒன்று வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காசிமேடு பக்கம் போனோம். கார் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டே கடலைக் காட்டினான், கண்ணாடிதான் தெரிந்தது, எங்கள் முகத்தின் நிழல் அதில் விழுந்திருந்தது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதனால்தான் இந்தக் கேமராக்களுக்கு ஜெர்மானியத்தில் லென்ஸ் செய்கிறார்கள். இறங்கிப் பார்த்தோம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் விளக்குகள் வெறும் கண்ணுக்கு வரிசையாகத் தெரிகின்றன, கேமராவில் ஒன்றிரண்டு புள்ளி, மற்றதெல்லாம் சாம்பல் நிறம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமில்லை. 50 டிகிரி அகலக் காட்சியை 160 கட்டமாகப் பிரிக்கும் கேமரா அது, 5 கிலோமீட்டரில் ஒரு கட்டம் 27 மீட்டருக்குமேல் அகலம். 200 மீட்டர் கப்பலே ஏழு கட்டம்தான். கப்பலில் வைக்கும் பெரிய கேமரா இதைவிடப் பல மடங்கு மேல், குளிரூட்டிய உணரி, நீண்ட லென்ஸ் எல்லாம் இருக்கும், அதை மறுக்கவில்லை.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேப்பர்லயே போட்டிருக்கான், இனிமே கப்பல்காரனுக்கு நம்ம உடம்புச் சூடே தெரியுமாம். அப்புறம் பேட்டரியைத் தீர்த்துக்கிட்டு லைட்டு எதுக்கு?" எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து போன படகில் கப்பல் மோதி குமரி மாவட்டத்து மீனவர்கள் செத்தார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் இன்னொன்று. சர்வதேசப் பயணத்தில் 300 கிராஸ் டன்னும் (கப்பலின் கொள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஏஐஎஸ் என்ற ரேடியோ கருவியில் அறிவித்தாக வேண்டும், சின்னப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஃபைபர் படகு ரேடாரிலும் லேசாகத்தான் விழும். எதிரே வரும் சரக்குக் கப்பலில் வெப்பக் கேமரா இருக்கிறதா என்று படகுக்காரருக்குத் தெரிய வழியே இல்லை.

கேமராவால் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல கேமரா 0.05 டிகிரி வித்தியாசத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், தெளிந்த ராத்திரியில், படகின் அவுட்போர்டு மோட்டார், அடுப்பு, உட்கார்ந்திருக்கும் ஆட்கள், இவற்றைக் காட்டுவதில் அது நிஜமாகவே உதவும். கப்பல்களில் அதை அதற்காக வையுங்கள் என்று நீங்கள் எழுதினால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். 1972ஆம் வருட மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதியே கண்ணாலும் காதாலும் கிடைக்கும் எல்லா வழியாலும் கவனிக்கச் சொல்கிறது.

தயவுசெய்து இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். வேலூர் பதிப்பில் வந்தால் போதாது, சென்னை, நாகை, நாகர்கோவில் பதிப்புகளிலும் வர வேண்டும். படகில் விளக்கு எரிய வேண்டும், பாய்மரக் கம்பில் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான் மாட்ட வேண்டும் என்ற இரண்டு வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.